ஃபார்வர்டர் தரும் பி.எல்.லை நம்பிச் சரக்கை ஏற்றலாமா? எனக்கும் கப்பலுக்கும் நடுவில் ஏன் இத்தனை பேர்?

#1 புதுக்கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இயந்திர உதிரிபாகங்கள் செய்கிறோம். இதுவரை உள்நாட்டில் மட்டும்தான் விற்றோம். இப்போது முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கிறது: 320 அட்டைப்பெட்டிகள், 8 பேலட், நாலரை டன், மொத்தம் 9 கன மீட்டர். விலை எஃப்.ஓ.பி., அதாவது கப்பலில் ஏற்றும்வரை பொறுப்பு எங்களுடையது. 30 சதவீதம் முன்பணம் வந்துவிட்டது. மீதி 70 சதவீதத்தை பில் ஆஃப் லேடிங் (பி.எல்., சரக்கை ஏற்றுக்கொண்டதற்குக் கேரியர் தரும் ஆவணம்) நகலைப் பார்த்ததும் அனுப்புவார்கள். பணம் வந்தபின் நாங்கள் ஒரிஜினலைக் கூரியரில் அனுப்ப வேண்டும்.

"எங்கள் ஃபார்வர்டர் உங்களைக் கூப்பிடுவார்" என்று வாங்குபவர் சொன்னார். சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்பவராம். சொன்னபடியே ஓர் அலுவலகம் கூப்பிட்டது. விசாரித்தால், அவர்கள் அந்த ஃபார்வர்டரின் இங்கத்திய முகவர்கள் மட்டும்தானாம். சரக்கை அவர்கள் வேறொரு கன்சாலிடேட்டரிடம் கொடுப்பார்களாம். சுங்க வேலை இன்னொருவருக்கு. எண்ணிப் பார்த்தால் எனக்கும் கப்பலுக்கும் நடுவில் நாலு பேர்.

கப்பல் கம்பெனியின் இணையதளத்திலேயே புக்கிங் செய்யலாம் என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் இவர்கள் எல்லாம் எதற்கு? ஒவ்வொருவரும் என்னதான் செய்கிறார்கள்? என் உண்மையான பயம் இதுதான்: இவர்கள் தரும் பி.எல். என் 70 சதவீதப் பணத்தைக் காக்குமா?

#2 நங்கூரம்

17 வருஷமாக ஃபார்வர்டிங்கில் இருக்கிறேன். நானும் நீங்கள் எண்ணிய அந்த நாலு பேரில் ஒருவன்தான், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

நேரடியாகப் போக முடியாததற்குக் காரணம் உங்கள் சரக்கின் அளவு. கப்பல் கம்பெனி விற்பது ஒரு முழுப் பெட்டிக்கான (கண்டெய்னர்) இடம். 20 அடிப் பெட்டியின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். உங்களிடம் இருப்பது 9. அவர்களின் இணையதளத்தில் புக்கிங் செய்தால் காலி இடத்துக்கும் சேர்த்துத்தான் காசு. அதோடு பெட்டியைக் கொண்டுவந்து நிரப்பி, சீல் வைத்து, எடைச் சான்று கொடுத்து, கட்-ஆஃப் நேரத்துக்குள் துறைமுகத்தில் சேர்ப்பதெல்லாம் உங்கள் தலையில் விழும்.

கன்சாலிடேட்டர் தன் பெயரில் முழுப் பெட்டி எடுத்து, உங்களைப் போலப் பத்துப் பதினைந்து பேரின் சரக்கை அதில் அடுக்குகிறார். இதைத்தான் எல்.சி.எல். என்கிறோம். கட்டணம் கன மீட்டர் அல்லது டன், இரண்டில் எது அதிகமோ அதற்கு. உங்களுக்கு 9 என்றே கணக்கு வரும். இவர் பெரும்பாலும் என்.வி.ஓ.சி.சி., அதாவது சொந்தக் கப்பல் இல்லாத கேரியர். உங்களிடம் "நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்று ஒப்புக்கொண்டு தன் பெயரில் பி.எல். கொடுப்பார். கப்பல் கம்பெனியிடம் போகும்போது அவரே வாடிக்கையாளர். சுங்கத் தரகர் தனி உரிமம் பெற்றவர். சுங்க ஆவணம்தான் அவர் வேலை, கடல் பயணத்தில் அவருக்குப் பங்கில்லை.

எல்லோரையும் சேர்த்துத் "தரகர்" என்று சொல்வதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது. தரகர் என்றால் இரண்டு பேரைச் சேர்த்துவைத்துக் கமிஷன் வாங்கிக்கொண்டு விலகுபவர். கடலில் அந்த வேலையைச் செய்பவர்கள் கப்பல் தரகர்கள். நிலக்கரி, தானியம், தாது என்று முழுக் கப்பலையே வாடகைக்குப் பேசும் உலகம் அது. லண்டன் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் 1744-இல் ஒரு காபிக் கடையில் கூடிய வணிகர்களிடமிருந்து வளர்ந்தது. அங்கே வாடகையில் 1.25 சதவீதம் தரகு என்பது நெடுநாள் வழக்கம். பெட்டிச் சரக்கு அனுப்பும் உங்களுக்கு அவர்களிடம் வேலை இருக்காது.

உங்களிடம் வருகிறவர் முகவராக நிற்கிறாரா, கேரியராக நிற்கிறாரா என்று முதலில் கேளுங்கள். முகவர் என்றால் உங்களுக்காக இடம் பிடித்துக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது; சரக்கு தொலைந்தால் கேரியரைத்தான் பிடிக்க வேண்டும். கேரியராகக் கையெழுத்துப் போட்டவரோ சேர்க்கும் பொறுப்பை ஏற்றவர். ஒரே அலுவலகம் ஒரு சரக்குக்கு முகவராகவும் அடுத்த சரக்குக்குக் கேரியராகவும் இருக்கும். பெயர்ப்பலகையைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது, காகிதத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

#3 அலைமேடை

ஒரு கப்பல் கம்பெனியின் புக்கிங் மேஜையில் 9 வருஷம் இருந்தேன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஃபார்வர்டர் தேவைப்பட்டார், இது நிஜம். 500 சிறு ஏற்றுமதியாளர்களிடம் தனித்தனியாகப் பேசவோ, கடன் கொடுக்கவோ, நிலுவையை வசூலிக்கவோ எங்களிடம் ஆள் கிடையாது. ஃபார்வர்டர் வாரம் இத்தனை பெட்டி என்று வாக்குக் கொடுப்பார். ஒருவரின் சரக்கு வரவில்லை என்றால் வேறொருவரின் பெட்டியை அந்த இடத்தில் வைத்துச் சமாளிப்பார். தனி ஏற்றுமதியாளர் புக்கிங் செய்துவிட்டு வராமல் போனால் அந்த இடம் காலியாகவே கடலில் போகும்.

கப்பலில் இடம் போதாமல் சில பெட்டிகளை அடுத்த கப்பலுக்குத் தள்ளும்போது யாருடையது முதலில் இறங்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரே ஒரு பெட்டி அனுப்புகிறவருடையதுதான். அவருக்காக எங்களைக் கூப்பிட்டுச் சண்டை போட ஆள் இல்லை. நல்ல ஃபார்வர்டர் இரவு 11 மணிக்கும் கூப்பிடுவார். அந்த ஒரு போன் எத்தனையோ பெட்டிகளை மறுபடி பட்டியலில் ஏற்றியிருக்கிறது. நானே ஏற்றியிருக்கிறேன்.

#4 புதுக்கணக்கு

நன்றி ஐயா, இப்போது ஓரளவு புரிகிறது. அப்படியென்றால் எனக்கு வரும் பி.எல். கப்பல் கம்பெனியுடையது இல்லையா? அதைக் கையில் வைத்திருந்தால் சரக்கை யாரும் எடுக்க முடியாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

#5 கோப்பறை

டாகுமென்டேஷன் மேஜையில் இருக்கிறேன். நாள் முழுக்க இந்த இரண்டு காகிதங்கள்தான் என் கையில், அதனால் அவற்றை அப்படியே காட்டுகிறேன்.

உங்கள் சரக்குக்கு இரண்டு பி.எல். உண்டாகும். முதலாவது மாஸ்டர், கப்பல் கம்பெனி கொடுப்பது. அதில் ஷிப்பர் (அனுப்புபவர்) என்ற கட்டத்தில் கன்சாலிடேட்டரின் பெயர். கன்சைனி (பெறுபவர்) கட்டத்தில் அந்த ஊரில் இருக்கும் அவருடைய முகவரின் பெயர். சரக்கு விவரத்தில் "கலப்புச் சரக்கு அடங்கிய பெட்டி ஒன்று" என்ற அளவில் ஒரு வரி. உங்கள் பெயர் அதில் எங்குமே இருக்காது. வாங்குபவர் பெயரும் இருக்காது.

இரண்டாவது ஹவுஸ், கன்சாலிடேட்டர் உங்களுக்குக் கொடுப்பது. ஷிப்பர் நீங்கள், கன்சைனி உங்கள் வாங்குபவர் அல்லது "டு ஆர்டர்" (யாருக்கு என்று ஒரிஜினலிலேயே எழுதி மாற்றித் தரலாம்). வழக்கமாக மூன்று ஒரிஜினல் போடுவார்கள்.

அங்கே பெட்டி இறங்கியதும், மாஸ்டரில் கன்சைனியாக இருக்கும் முகவர் கப்பல் கம்பெனியிடம் போய்ப் பெட்டியை விடுவிக்கிறார். மாஸ்டர் பல நேரம் சீ வேபில்லாக இருக்கும், ஒரிஜினல் எதையும் நீட்டவே வேண்டாம். கப்பல் கம்பெனி உங்கள் ஹவுஸ் பி.எல்.லைப் பார்ப்பதில்லை. அப்படியொரு காகிதம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்த முகவர் பெட்டியைப் பிரித்து உங்கள் 8 பேலட்டைத் தன் கிடங்கில் வைத்துக்கொண்டு, வாங்குபவர் ஹவுஸ் ஒரிஜினலை நீட்டும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பார் என்பதுதான் உங்கள் பாதுகாப்பு. "பி.எல். என் கையில் இருக்கிறது" என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது, நீங்கள் ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவரின் நேர்மையைத்தான் நம்பியிருக்கிறீர்கள்.

ஹவுஸ் பி.எல். என்றாலே செல்லாத காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். கேரியராகக் கையெழுத்துப் போட்டவர் சட்டப்படி பொறுப்புள்ளவர். வங்கிகளும் ஏற்கின்றன. எல்.சி.க்கான (வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) யு.சி.பி. 600 என்ற சர்வதேச விதிகளில் 20-ஆம் பிரிவு கேட்பது, பி.எல்.லில் கேரியரின் பெயர் தெரிய வேண்டும், கேரியரோ கப்பல் கேப்டனோ அவர்களுக்காக என்று குறிப்பிட்ட முகவரோ கையெழுத்திட வேண்டும் என்பதைத்தான். கப்பல் சொந்தமாக இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. என் மேஜைக்குத் திரும்பி வரும் காகிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் அடிபடுகின்றன: "முகவராக" என்று கையெழுத்து இருக்கும், யாருக்கு முகவர் என்று இருக்காது.

#6 மறுகரை

கோப்பறை அம்மா சொன்ன அந்த "காத்திருப்பார் என்பது", என் விஷயத்தில் நடக்கவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்பு. இதே எஃப்.ஓ.பி., ஆனால் முழுப் பெட்டி, வாங்குபவர் காட்டிய ஃபார்வர்டர், ஹவுஸ் பி.எல். மூன்று ஒரிஜினலும் என் மேஜை இழுப்பறையில் இருந்தன. நகல் அனுப்பினேன். பணம் இன்று வரும், நாளை வரும் என்று ஆறு வாரம் போயிற்று. சந்தேகம் வந்து கப்பல் கம்பெனியின் தளத்தில் பெட்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். "காலிப் பெட்டி திரும்பியது" என்று காட்டியது. இறங்கின ஐந்தாம் நாளே திரும்பியிருக்கிறது. அந்த வரியைப் பார்த்த நிமிஷம் வயிற்றில் ஏற்பட்டது இன்றும் நினைவிருக்கிறது.

இங்கத்திய அலுவலகம் "நாங்கள் முகவர் மட்டும்" என்றது. பி.எல்.லில் கேரியர் என்று அச்சடித்திருந்த நிறுவனத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. வக்கீலைப் பார்க்க நான் எட்டு மாதம் தாமதித்தேன், அது என் தப்பு. ஹேக்-விஸ்பி என்ற சர்வதேசக் கடல் சரக்கு விதிகளில் வழக்குப் போட ஒரு வருஷம்தான், சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்தோ, ஒப்படைத்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ. பி.எல்.லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எந்த நாட்டு நீதிமன்றம் என்று இருந்தது. அங்கே போய் வழக்காடும் செலவு சரக்கின் மதிப்பில் பாதிக்கு வந்தது. விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்திருக்கிறேன். வாங்குபவர் காட்டும் ஃபார்வர்டர் என்றால் பணம் முழுதும் முன்னால் வர வேண்டும். பி.எல்.லைப் பிடித்து வைத்துப் பணம் வாங்க வேண்டிய நிலை என்றால் ஃபார்வர்டரை நான்தான் தேர்ந்தெடுப்பேன், கடல் கட்டணம் என் கணக்கில். காசு கொடுக்கிறவரின் பேச்சைத்தான் அவர் கேட்பார். அன்றைக்கு அவருக்குக் காசு கொடுத்தவர் வாங்குபவர்.

#7 நங்கூரம்

மறுகரை, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இப்படிச் செய்வது தெரிந்தும் சும்மா இருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் வாங்குபவர் காட்டும் ஃபார்வர்டர் எல்லோரையும் ஒதுக்கிவிட முடியாது. பெரிய வாங்குபவர்கள் ஆண்டு ஒப்பந்தம் போட்டு நல்ல கட்டணம் வைத்திருப்பார்கள், நீங்கள் போனால் அது கிடைக்காது. சரக்கைக் கொடுக்கும் முன் சோதித்துக்கொள்ளுங்கள். ஹவுஸ் பி.எல்.லில் கேரியராக நிற்பது எந்த நிறுவனம், எங்கே பதிவானது என்று எழுத்தில் கேளுங்கள். சில நாடுகளில் இவர்களுக்கு உரிமமும் பிணைத்தொகையும் கட்டாயம். உதாரணமாக அமெரிக்காவில் ஃபெடரல் மாரிடைம் கமிஷன் உரிமம் கொடுக்கிறது. அங்கே ஃபார்வர்டருக்கு 50,000 டாலர் பிணை, என்.வி.ஓ.சி.சி.க்கு 75,000, உரிமம் எடுக்காமல் பதிவு மட்டும் செய்த வெளிநாட்டு என்.வி.ஓ.சி.சி.க்கு 150,000. பட்டியல் பொதுவில் இருக்கிறது, பெயர் போட்டுத் தேடலாம். வேறு பாதை என்றால் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றைக் கேளுங்கள். ஃபியாட்டா என்ற ஃபார்வர்டர்களின் உலகக் கூட்டமைப்பு 1926-இல் வியன்னாவில் தொடங்கியது, அதன் உறுப்புச் சங்கங்கள் பல நாடுகளில் உண்டு. எதிலும் பெயர் இல்லை, காப்பீடும் இல்லை என்றால் அந்தக் காகிதத்தை வைத்து 70 சதவீதத்தை நம்பாதீர்கள்.

இன்னொன்று. பெட்டிச் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருத்தமில்லை. நீங்கள் சரக்கைக் கிடங்கில் ஒப்படைத்துவிடுவீர்கள், ஆனால் கப்பலில் ஏறும்வரை ஆபத்து உங்களுடையதாகவே இருக்கும். அந்த நாட்களில் கிடங்கில் தீப்பிடித்தால் நஷ்டம் உங்களுக்கு. இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற வணிக விதித் தொகுப்பில் இதற்கு எஃப்.சி.ஏ. இருக்கிறது. கேரியரிடம் ஒப்படைத்ததும் ஆபத்து மாறிவிடும். "கப்பலில் ஏற்றப்பட்டது" என்ற குறிப்போடு பி.எல். கொடுக்கும்படி வாங்குபவர் கேரியரிடம் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு.

#8 இறக்குமதி மேஜை

மறுபக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. எல்.சி.எல். கடல் கட்டணம் பூஜ்யம் என்று யாராவது சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். சில பாதைகளில் பூஜ்யத்துக்கும் கீழே, ஏற்றுமதி ஃபார்வர்டருக்குக் கன மீட்டருக்கு இவ்வளவு என்று திருப்பித் தருவார்கள். அந்தப் பணம் இறங்கும் துறைமுகத்தில் எங்களிடமிருந்து வசூலாகிறது.

சென்ற மாதம் எனக்கு வந்த பில்லில் கடல் கட்டணம் இல்லை. ஆனால் கிடங்குக் கட்டணம், பெட்டி பிரிக்கும் கட்டணம், டெர்மினல் பங்கு, டெலிவரி ஆர்டர், டாகுமென்ட், ஹேண்ட்லிங், நிர்வாகம் என்று ஏழு வரிகள். 3 கன மீட்டர் சரக்குக்கு அதை 4 என்று மேல்நோக்கிக் கணக்கிட்டிருந்தார்கள். சண்டை போடலாம். ஆனால் காசு கட்டாமல் டெலிவரி ஆர்டர் தரமாட்டார்கள், கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறும். விற்றவர் சி.ஐ.எஃப். விலை (கடல் கட்டணமும் காப்பீடும் சேர்த்தது) சொல்லி மிக மலிவான ஃபார்வர்டரைப் பிடித்திருந்தார், அவருக்கு இது தெரியவே தெரியாது.

புதுக்கணக்கு, எஃப்.ஓ.பி.யில் இதே விளையாட்டு உங்கள் பக்கம் நடக்கும். வாங்குபவருக்குக் கடல் கட்டணத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு ஏற்றும் இடத்துக் கட்டணங்களை உங்கள்மேல் போடுவார்கள். ஒவ்வொரு வரியும் சரக்கு போவதற்கு முன்பே எழுத்தில் வர வேண்டும்.

#9 இழப்பீட்டுக்காரர்

கடல் சரக்கு இழப்பீடு பார்க்கிறேன். இதுவரை யாரும் தொடாத ஒன்று: பி.எல்.லில் எத்தனை "பொதி" என்று எழுதுகிறீர்கள்?

ஹேக்-விஸ்பி விதிகளில் கேரியரின் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. பொதி ஒன்றுக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. உங்கள் பி.எல்.லில் "8 பேலட்" என்று மட்டும் இருந்தால் 8 பொதி என்றே பார்க்கப்படும். அதைவிட எடைக் கணக்கு அதிகம் என்பதால் 4,500 கிலோவுக்கு 9,000 எஸ்.டி.ஆர். அதோடு சரி. "8 பேலட்டில் 320 அட்டைப்பெட்டிகள்" என்று எழுதியிருந்தால் 320 பொதி, வரம்பு 2,13,000 எஸ்.டி.ஆருக்கு மேல் போய்விடும். அதே சரக்கு, அதே கப்பல். பி.எல். டிராஃப்ட் (வரைவு) வரும்போது ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் போதும். ஃபார்வர்டர்கள் தாமாக எழுதமாட்டார்கள், ஏனென்றால் அவர்களே கேரியராக நிற்கும்போது அது அவர்கள் பொறுப்பைக் கூட்டுகிறது.

(அமெரிக்கச் சட்டத்தில் பொதிக்கு 500 டாலர். 1936-இல் போட்ட தொகை, இன்னும் அப்படியே.)

காப்பீடு எடுங்கள். எதுவும் உடையாவிட்டாலும் பணம் கட்ட நேரும். ஜெனரல் ஆவரேஜ் என்று ஒன்று: கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவைக் கப்பல் உரிமையாளரும் சரக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் மதிப்புக்கு ஏற்பப் பகிர வேண்டும். 2018-இல் மெர்ஸ்க் ஹோனம் கப்பலில் தீப்பிடித்தபோது, பெட்டியை விடுவிக்க மீட்புக்கு 42.5 சதவீதமும் ஜெனரல் ஆவரேஜுக்கு 11.5 சதவீதமும் பிணை கேட்டார்கள். சரக்கு மதிப்பில் பாதிக்கு மேல். காப்பீடு இருந்தவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் உறுதிக் கடிதம் கொடுத்தது. இல்லாதவர்கள் ரொக்கம் வைக்க வேண்டியிருந்தது. எவர் கிவன் கப்பல் 2021 மார்ச் 23-இல் சூயஸில் சிக்கியபோதும் இதே அறிவிப்பு வந்தது. மார்ச் 29-இல் கப்பல் மிதந்துவிட்டது, ஆனால் கால்வாய் நிர்வாகம் ஜூலை 7 வரை அதை விடவில்லை.

எல்.சி.எல்.லில் இது இன்னும் மோசம். ஒரு பெட்டியில் 15 பேர் சரக்கு என்றால் 15 பேரும் பிணைக் காகிதம் தர வேண்டும். 14 பேர் ஒரே வாரத்தில் கொடுத்து, ஒருவர் மட்டும் தொலைபேசியை எடுக்காமல் இரண்டு மாதம் பெட்டி நின்றதை நானே கையாண்டிருக்கிறேன். அப்போது கன்சாலிடேட்டர் அந்த ஒருவருக்காகத் தன் பணத்தை வைத்துப் பெட்டியை எடுத்தார். அவர் அன்று செய்தது கட்டாயமில்லாத உதவி, மற்ற 14 பேரில் பலருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

#10 தண்டவாளம்

கொஞ்சம் மாற்றுக் கருத்து. இந்த நடுவில் நிற்பவர்களின் காலம் முடிகிறது என்று நினைக்கிறேன். கப்பல் கம்பெனிகளே கிடங்கு, லாரி, சுங்கம் எல்லாம் வாங்கிப்போட்டுவிட்டன. சி.எம்.ஏ. சி.ஜி.எம். என்ற கப்பல் கம்பெனி 2019-இல் சேவா என்ற தளவாட (லாஜிஸ்டிக்ஸ்) நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. மெர்ஸ்க் தன்னை முழுத் தளவாட நிறுவனம் என்றே சொல்லிக்கொள்கிறது. வாசலில் இருந்து வாசல்வரை ஒரே பில், ஒரே பொறுப்பு. சிறியவர்களுக்கும் அது வந்துவிட்டால் இந்த மாஸ்டர், ஹவுஸ் சிக்கல் எதுவும் இருக்காதே?

#11 அலைமேடை

வரும், வந்துகொண்டும் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு கவலை. கப்பல் தாமதமானால், பெட்டி தள்ளப்பட்டால், உங்களுக்காகக் கேட்கவேண்டியவர் அதே கம்பெனியின் ஊழியர். தன் கம்பெனியை விட்டு வேறு கப்பலுக்கு உங்கள் சரக்கை மாற்ற அவருக்கு மனம் வருமா, அதிகாரம்தான் இருக்குமா?

#12 நங்கூரம்

தண்டவாளம், 2016 ஆகஸ்ட் 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஹன்ஜின் என்ற தென்கொரியக் கப்பல் கம்பெனி நீதிமன்றப் பாதுகாப்பைக் கேட்டது. காசு கிடைக்காதோ என்ற பயத்தில் பல துறைமுகங்கள் அவர்களின் கப்பல்களை உள்ளே விடவில்லை. ஏறத்தாழ 5 லட்சம் பெட்டிகள் கடலில் மாட்டின. நேரடியாக ஹன்ஜினிடம் புக்கிங் செய்தவர் யாரைப் போய்க் கேட்பது? என்.வி.ஓ.சி.சி.யின் ஹவுஸ் பி.எல். வைத்திருந்தவருக்குக் கேட்க ஓர் ஆள் இருந்தார். "சேர்க்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டவர் சேர்க்க வேண்டும். அந்த மாதங்களில் எங்கள் அலுவலகம் ஏற்கெனவே கட்டிய டெர்மினல் கட்டணத்தை மறுபடி கட்டிப் பெட்டிகளை இழுத்தது. அந்த வருஷம் எங்களுக்கு லாபமே இல்லை. சரக்குகள் போய்ச் சேர்ந்தன.

ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. உங்களிடம் முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு கப்பல் கம்பெனிக்குக் கட்டாமல் விட்ட ஃபார்வர்டர்கள் இருக்கிறார்கள். உங்கள் காகிதத்தில் "கட்டணம் செலுத்தப்பட்டது" என்று இருக்கும், பெட்டியைக் கப்பல் கம்பெனி பிடித்து வைத்திருக்கும். அதனால் நிதிநிலை தெரியாதவரிடம் வெறும் மலிவுக்காகப் போகாதீர்கள்.

#13 சின்னக்கிடங்கு

நடுவில் புகுந்து ஒரு கேள்வி, மன்னிக்கவும். டெமரேஜ், டிடென்ஷன் இரண்டும் ஒன்றா?

#14 கோப்பறை

இல்லை. நிரம்பிய பெட்டி துறைமுகத்துக்குள் இலவச நாட்களைத் தாண்டி நின்றால் டெமரேஜ். வெளியே எடுத்துப்போன பெட்டியைக் காலியாகத் திருப்பித் தரத் தாமதித்தால் டிடென்ஷன். எல்.சி.எல்.லில் பெட்டியைப் பிரிப்பவர் கன்சாலிடேட்டர், ஆகவே இவை நேராக உங்களிடம் வராது. கிடங்கு வாடகை மட்டும் வரும். முழுப் பெட்டி என்றால் பில் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் 2024 மே 28 முதல் ஒரு விதி இருக்கிறது: இந்த பில்லைக் கட்டணம் கடைசியாக ஏறிய நாளிலிருந்து 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். ஒப்பந்தம் போட்டவருக்கோ கன்சைனிக்கோதான் அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது, அந்தப் பகுதியை 2025-இல் நீதிமன்றம் நீக்கிவிட்டது. விதி வருவதற்கு முன்பு சம்பந்தமே இல்லாத லாரிக்காரருக்கும் ஃபார்வர்டருக்கும் மாதக்கணக்கில் கழித்து பில் வரும்.

#15 புதுக்கணக்கு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோர் சொன்னதையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு வாங்குபவரிடம் பேசினேன். நான் பயந்தபடி அவர் கோபப்படவில்லை. ஃபார்வர்டரை மாற்ற ஒப்புக்கொள்ளவில்லை, அவர்களுக்கு ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறதாம், நங்கூரம் ஐயா சொன்னது போலவே. ஆனால் எஃப்.சி.ஏ.க்கு மாறிவிட்டோம். சரக்கைக் கிடங்கில் ஒப்படைக்கும் முன் இன்னும் 40 சதவீதம் அனுப்பினார். மீதி 30 மட்டும் ஒரிஜினலுக்கு எதிராக, வங்கி வழியாக. ஏற்றும் இடத்துக் கட்டணங்களை வரிவரியாகக் கேட்டதில் இரண்டு வரிகள் தாமாகவே காணாமல் போயின.

கன்சாலிடேட்டரின் காப்பீட்டுச் சான்று வந்தது. சரக்கைக் கொடுத்தாகிவிட்டது, பெட்டியில் அடுக்கும்போது நானே போய் நின்றேன். நேற்று டிராஃப்ட் பி.எல். வந்தது. "8 பேலட்" என்று மட்டும் இருக்கிறது. கீழே கையெழுத்துக் கட்டத்தில் "முகவராக" என்று அச்சாகியிருக்கிறது, யாருக்கு என்று இல்லை. கோப்பறை அம்மா, இதைத்தானே சொன்னீர்கள்?

#16 கோப்பறை

இதேதான். டிராஃப்ட்டை ஒப்புக்கொண்டதாக எந்த வார்த்தையும் எழுதாதீர்கள், "சரி" என்றுகூட. இரண்டு திருத்தம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒன்று, "8 பேலட்டில் 320 அட்டைப்பெட்டிகள்". இரண்டு, கேரியரின் முழுப் பெயரும், "மேற்படி கேரியருக்காக, முகவராக" என்ற சொற்களும். அந்தப் பெயர் காப்பீட்டுச் சான்றில் இருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கன்சைனி கட்டத்தில் என்ன இருக்கிறது?

#17 புதுக்கணக்கு

வாங்குபவரின் பெயர்.

#18 கோப்பறை

மீதிப் பணம் வங்கி வழியாக என்றால் "டு ஆர்டர்" என்றோ, வங்கியின் ஆர்டருக்கு என்றோ மாற்றச் சொல்லுங்கள். நேராகப் பெயர் போட்ட பி.எல்.லுக்கு, சில நாடுகளின் சட்டத்தில், ஒரிஜினலை வாங்காமலே சரக்கைக் கொடுத்துவிடலாம். அமெரிக்கா அப்படி. வங்கியின் பெயரைப் போடுவதாக இருந்தால் முதலில் வங்கியைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். இன்றைக்கே அனுப்புங்கள், கப்பல் கிளம்பியபின் மாற்றினால் திருத்தக் கட்டணம் கேட்பார்கள்.

#19 புதுக்கணக்கு

அனுப்பினேன். கையெழுத்துத் திருத்தத்துக்கு "எல்லோருக்கும் இப்படித்தான் போடுகிறோம்" என்று முதலில் தட்டினார்கள். கேரியர் பெயர் இல்லாவிட்டால் வங்கி வாங்காது என்றதும், சாயங்காலமே மூன்றையும் மாற்றி மறு டிராஃப்ட் வந்துவிட்டது. காப்பீட்டுச் சான்றிலும் இதிலும் ஒரே பெயர். கப்பல் வியாழக்கிழமை. ஒரிஜினல் மூன்றும் கைக்கு வந்ததும் எழுதுகிறேன்.

#20 மறுகரை

பெட்டி எண்ணை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் ஒருமுறை கப்பல் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை.